இணையப் பக்கங்களைச் சேமித்துப் பல கணினிகளில் ஒத்திசைத்தல்: டெல்டா வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் வீட்டுக் கணினி, தஞ்சாவூரில் அலுவலகக் கணினி, போகவர எடுத்துச்செல்ல ஒரு மடிக்கணினி என்று இரண்டு மூன்று கருவிகளுக்கு நடுவே வேலை செய்பவர்கள் டெல்டாவில் பெருகிவிட்டார்கள். ஓரிடத்தில் படித்த பக்கம் இன்னோரிடத்தில் வேண்டும்போது கையில் இல்லை என்பதே அவர்கள் அனைவருக்கும் பொதுவான குறை. விவசாயச் சங்கத்தார், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், இ-சேவை மையம் நடத்துவோர் ஆகியோர் கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்களில் விண்டோஸ் கணினியையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருக்கிறேன். லினக்ஸுக்கும் மேக்குக்கும் வேறுபாடு வரும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தை புக்மார்க் செய்துவைத்தாலே போதாதா?

போதாது. புக்மார்க் என்பது பக்கத்தின் முகவரி மட்டுமே. அந்த முகவரியில் நாளைக்கு என்ன இருக்கும் என்பது நம் கையில் இல்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைக் காட்டும் பக்கம் நாள்தோறும் அதே முகவரியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று நீங்கள் அதை புக்மார்க் செய்து, சம்பா நாற்று விடும் காலத்தில் திறந்தால், அன்றைய நிலவரத்தைத்தான் அது காட்டும். ஜூன் மாத அளவு வேண்டுமென்றால் அன்றே பக்கத்தின் படியை எடுத்துவைத்திருக்க வேண்டும். அணை 2022-இல் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட வழக்கத்துக்கு மாறான ஆண்டுகளின் தினசரி நிலவரம்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெரிதும் தேவைப்படுகிறது.

மாறும் பக்கம் ஒரு வகை, மறையும் பக்கம் இன்னொரு வகை. இலவசமாகத் தனிப்பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, உலகெங்கும் ஆர்வலர்கள் எழுதிவைத்திருந்த பக்கங்கள் அந்த முகவரிகளிலிருந்து மொத்தமாகப் போயின. துறைகளின் இணையதளங்கள் புதுவடிவம் பெறும்போதும் இதேதான் நடக்கிறது: அரசாணையோ சுற்றறிக்கையோ அழிந்திருக்காது, ஆனால் அதன் பழைய முகவரி எங்கும் போய்ச்சேராது.

அப்படியானால் பார்ப்பதையெல்லாம் சேமிக்க வேண்டுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் சேமிப்பவர் சில மாதங்களிலேயே எதையும் தேட முடியாதவராக ஆகிவிடுகிறார். நாள்தோறும் மேலெழுதப்படும் அறிக்கைகள், அதாவது அணை நிலவரம், வானிலை மையத்தின் எச்சரிக்கை, கொள்முதல் நிலையங்கள் பற்றிய அறிவிப்பு ஆகியவை முதலில் வரும். கடைசித் தேதி குறிக்கும் அறிவிப்புகள் அடுத்தவை. சம்பா பயிர்க்காப்பீட்டுக்கான கடைசி நாள் அறிவிக்கப்பட்டபின் நீட்டிக்கப்படுவது உண்டு என்பதால், முதல் அறிவிப்பையும் நீட்டிப்பையும் தனித்தனியே வைத்திருப்பது நல்லது. சிறு தளங்களிலும் தனிநபர் பக்கங்களிலும் வரும் உள்ளூர் வரலாற்றுக் கட்டுரைகளைக் கண்டவுடன் சேமியுங்கள். அவற்றைக் காப்பவர் ஒருவர்தான், அவர் ஆண்டுக்கட்டணம் கட்ட மறந்தால் தளமே போய்விடும்.

மாறாக, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அளித்த தீர்ப்பு பல இடங்களில் கிடைக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல படிகளாக உலகெங்கும் இருக்கின்றன. இவற்றை அடிக்கடி பயன்படுத்துவோர் மட்டும் தம்மிடம் ஒரு படி வைத்துக்கொண்டால் போதும்.

கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்திச் சேமிக்கிறேன். வேறு கணினியில் திறந்தால் படங்கள் இல்லை, வடிவமும் குலைந்திருக்கிறது. ஏன்?

குரோமில் அவ்விசைகளை அழுத்தும்போது மூன்று வகைகள் காட்டப்படும். முழுப் பக்கம் என்ற வகையில் சேமித்தால் ஓர் எச்டிஎம்எல் கோப்பும் (பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் எழுதப்பட்ட கோப்பு), அதே பெயரோடு ஒரு கோப்புறையும் உருவாகும். படங்களும் வடிவமைப்பும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். நீங்கள் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனாலோ மின்னஞ்சலில் அனுப்பினாலோ எழுத்து வரும், படம் வராது. கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கோப்புறையின் பெயரையும் சேர்த்து மாற்றினால், உள்ளே எழுதப்பட்டிருக்கும் இணைப்புகள் பழைய பெயரையே தேடித் தோற்கும். எச்டிஎம்எல் மட்டும் என்ற இரண்டாம் வகையில் படங்கள் சேமிக்கப்படுவதே இல்லை.

மூன்றாவதான ஒற்றைக்கோப்பு வகை, எம்எச்டிஎம்எல் என்ற வடிவில் அனைத்தையும் ஒரே கோப்பில் அடைத்துத் தரும். குரோமிலும் எட்ஜிலும் அது திறக்கும்; ஃபயர்ஃபாக்ஸில் நேரடியாகத் திறக்காது. பல கணினிகளில் பல உலாவிகளைப் பயன்படுத்துவோருக்கு இது பின்னால் தொல்லை தரும்.

ஆகவே, சிங்கிள்ஃபைல் என்ற, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் இலவச நீட்சியை நான் பரிந்துரைக்கிறேன். படங்களையும் எழுத்துருக்களையும் வடிவமைப்பையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பின் உள்ளேயே பொதிந்துவிடுவதால், அந்தக் கோப்பு எந்த உலாவியிலும் இணைய இணைப்பு இல்லாமலே திறக்கும். எந்த முகவரியிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேமிக்கப்பட்டது என்பதையும் கோப்பின் தொடக்கத்தில் அது குறித்துவைக்கிறது. சேமிக்கும் முன் பக்கத்தை அடிவரை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிடுங்கள். பல தளங்கள், வாசகர் கண்ணுக்கு அருகில் வரும்வரை படங்களை இறக்குவதில்லை. "மேலும் படிக்க" என்ற பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தி விரித்துவிட்டே சேமிக்க வேண்டும்.

அதைவிட பிடிஎஃப் ஆக அச்சிட்டு வைப்பது எளிதல்லவா?

எளிதுதான், அலுவலகத்தில் காட்டவும் அச்செடுக்கவும் அதுவே ஏற்றது. ஆனால் தமிழுக்கு ஓர் இடர் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. பிடிஎஃப் கோப்பு எழுத்துகளின் உருவங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதைத்தான் முதன்மையாகப் பதிவுசெய்கிறது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னும், எழுதும்போது மெய்க்கு முன்னும் வருபவை. ஒகர, ஓகாரக் குறிகளோ மெய்யின் இருபுறமும் நிற்பவை. பிடிஎஃப் உருவாக்கிய மென்பொருள் இதைச் சரியாகக் கையாளாவிட்டால், திரையில் "கொள்முதல்" என்று அழகாகத் தெரியும் சொல்லைத் தேடல் கட்டத்தில் எழுதினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் குறிகள் இடம் மாறிச் சிதறி விழும். ஐந்நூறு கோப்புகளைச் சேர்த்துவைத்துவிட்டு, ஒரு சொல்லைத் தேட முடியவில்லை என்றால் அந்தச் சேமிப்பால் பயன் குறைவு.

எனவே, படித்துத் தேட வேண்டிய தமிழ்ப் பக்கங்களை எச்டிஎம்எல் வடிவிலும், தாளாகப் பயன்படுத்த வேண்டியவற்றை பிடிஎஃப் வடிவிலும் வையுங்கள். முக்கியமானவற்றை இரண்டு வடிவிலும் வைத்தால் இடம் ஒன்றும் பெரிதாக அடைபடாது.

பட்டா, சிட்டா போன்ற விவரங்களையும் இப்படியே சேமிக்கலாமா?

விவரங்களை உள்ளிட்ட பின்னரே தோன்றும் பக்கங்களின் முகவரியைச் சேமிப்பதில் பயனில்லை. மறுமுறை திறந்தால் வெற்றுப் படிவம்தான் வரும். தளம் தரும் பிடிஎஃப் ஆவணத்தையே இறக்கி, எடுத்த தேதியைப் பெயரில் சேர்த்து வையுங்கள். அது எடுத்த நாளின் நிலவரம் மட்டுமே என்பதையும் வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போகும்போது நினைவில் வைத்திருங்கள்.

குரோமில் கணக்கு திறந்து எல்லாக் கணினியிலும் உள்நுழைந்திருக்கிறேன். சேமித்த பக்கங்கள் தாமாக ஒத்திசையாதா?

ஒத்திசையா. உலாவியின் ஒத்திசைவு புக்மார்க்குகள், கடவுச்சொற்கள், வரலாறு, திறந்திருக்கும் தாவல்கள், அமைப்புகள் ஆகியவற்றைத்தான் கணினிக்குக் கணினி கொண்டுபோகிறது. உங்கள் வட்டில் இறங்கிய கோப்பு அதில் சேராது. குரோமில் உள்ள படிப்புப் பட்டியலும் கணினியைப் பொறுத்தவரை முகவரிகளின் பட்டியலே.

கடவுச்சொல்லைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபயர்ஃபாக்ஸின் ஒத்திசைவில் தரவு உங்கள் கணினியிலேயே, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டுத்தான் வெளியே போகிறது. மொசில்லா நிறுவனத்தாலும் அதைப் படிக்க முடியாது. குரோமிலும் அத்தகைய பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒத்திசைவுக்கெனத் தனிக் கடவுத்தொடர் ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொடரை மறந்தால் மீட்க வழியில்லை என்பதால் வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி ஆய்வகத்திலும் உள்நுழையலாமா?

உலாவியின் ஒத்திசைவை அங்கே ஒருபோதும் தொடங்காதீர்கள். தொடங்கினால் உங்கள் கடவுச்சொற்கள் அனைத்தும் அந்தக் கணினிக்கு இறங்கிவிடும். அடுத்து வந்து உட்காருபவர் அவற்றைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். விருந்தினர் முறையில் உலாவியைத் திறந்து, பக்கத்தைச் சேமித்து, உங்கள் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, சன்னலை மூடிவிட்டு வருவதே முறை.

சேமித்த கோப்புகளைக் கணினிக்குக் கணினி கொண்டுபோக எது சிறந்தது?

முதலில் ஒரு நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்கள் அதன்மேல் நிற்பவை. சேமிப்பது ஒரு வேலை, கொண்டுபோவது வேறொரு வேலை. பக்கங்கள் எல்லாம் சாதாரணக் கோப்புகளாக, சாதாரணக் கோப்புறைகளில் உங்கள் வட்டில் இருக்க வேண்டும்; அவற்றைச் சுமந்துசெல்லும் சேவையை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய நிலை இருக்க வேண்டும். சேமிப்பும் சுமப்பும் ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் பூட்டப்பட்டிருந்தால், அந்நிறுவனம் கடையைக் கட்டும் நாளில் உங்கள் தொகுப்பும் நடுத்தெருவுக்கு வரும்.

இந்த நிலைப்பாட்டுக்குள் நின்று பார்த்தால், பெரும்பாலோருக்கு கிளவுட் கோப்புறை, அதாவது இணையவழி ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும் கோப்புறை போதும். கூகுள் டிரைவ் 15 ஜிபியும், ஒன்டிரைவ் 5 ஜிபியும், டிராப்பாக்ஸ் 2 ஜிபியும் கட்டணமின்றித் தருகின்றன. கூகுளின் 15 ஜிபியில் ஜிமெயிலும் புகைப்படங்களும் சேர்ந்தே அடங்கும் என்பதால், குடும்ப விழாப் படங்களை அதில் ஏற்றியவர்களுக்கு மீதம் குறைவாகவே இருக்கும். படங்கள் மிகுதியில்லாத ஒரு கட்டுரைப் பக்கம் சில எம்பிக்குள் அடங்கிவிடுவதால், ஆயிரம் பக்கங்களைக்கூட இலவச அளவுக்குள் வைத்துக்கொள்ள முடியும்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கணினியில் நிறுவிய டிரைவ் மென்பொருள் கோப்புகளை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். ஒரு முறையில் எல்லாக் கோப்புகளும் உங்கள் வட்டிலும் முழுமையாக இருக்கும். மற்ற முறையில் பெயர் மட்டும் கணினியில் தெரியும், உள்ளடக்கம் கிளவுடில் இருக்கும், திறக்கும்போதுதான் இறங்கும். ஒன்டிரைவில் கோப்பின் அருகே மேகக்குறி தெரிந்தால், அது உங்களிடம் இல்லை என்று பொருள். இணையம் எப்போதும் உள்ள நகரத்தில் இதனால் வட்டில் இடம் மிச்சமாகும்; வடகிழக்குப் பருவமழையில் இணைப்பு நாள் கணக்கில் போய்விடும் வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கங்களில் இதனால் தொல்லைதான். தொகுப்புக் கோப்புறையின்மேல் வலச்சொடுக்கி, இக்கணினியில் எப்போதும் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்துவிடுங்கள். கூகுள் டிரைவில் முழுப் பிரதி முறையை அமைப்புகளில் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு சிறு குறிப்பு: கூகுள் டிரைவை உலாவியில் திறந்து எச்டிஎம்எல் கோப்பைச் சொடுக்கினால் பக்கம் தெரியாது, அதன் நிரல்வரிகள்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். கணினிக்கு இறக்கித் திறந்தால் சரியாகத் தெரியும்.

எங்கள் ஆவணங்களை வெளி நிறுவனத்திடம் கொடுக்க விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. சிங்திங் என்ற கட்டற்ற மென்பொருள், நடுவில் எந்தச் சேமிப்பகமும் இல்லாமல் உங்கள் கணினிகளையே ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கிறது. போக்குவரத்து முழுவதும் மறையாக்கப்பட்டது, கட்டணம் இல்லை, உங்கள் வட்டின் அளவே எல்லை. ஒரே வீட்டில் அல்லது ஒரே அலுவலகத்தில் உள்ள கணினிகளுக்கிடையே இணைய இணைப்பு அறுந்திருக்கும்போதும் வேலை செய்யும் என்பது நம் பகுதிக்குப் பெரிய வசதி.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் இயக்கத்தில் இருந்தால்தான் கோப்பு நகரும். வீட்டுக் கணினி இரவில் மட்டும், அலுவலகக் கணினி பகலில் மட்டும் இயங்கினால் அவை ஒருநாளும் சந்திக்கா. மடிக்கணினி இரண்டிடத்துக்கும் போய்வந்தால் அதுவே பாலமாகிவிடும். மூன்றாம் கருவி இல்லாதவருக்கு கிளவுட் வழியே பொருத்தம்.

இரண்டு கணினியிலும் ஒரே கோப்பைத் திருத்தினால் எது நிற்கும்?

சேமித்த பக்கத்தை யாரும் திருத்துவதில்லை என்பதால் அங்கே இச்சிக்கல் பெரும்பாலும் எழாது. பக்கங்களோடு சேர்த்து வைக்கும் குறிப்புக் கோப்பிலும் எக்செல் பட்டியலிலும்தான் எழும். தஞ்சாவூரில் பட்டியலைத் திறந்துவைத்து மூடாமல் வந்து, அது ஒத்திசையும் முன் மன்னார்குடியில் அதே பட்டியலில் புதிய வரிகளைச் சேர்த்தால், மென்பொருளிடம் இரண்டு வேறு கோப்புகள் வந்து நிற்கும். டிராப்பாக்ஸும் சிங்திங்கும் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் முரண்படி என்று பொருள்படும் குறிப்பையும் தேதியையும் சேர்த்துவிடும். எதுவும் அழிந்துவிடவில்லை, ஆனால் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவது உங்கள் வேலை. மென்பொருள் அதைச் செய்யாது. அத்தகைய பெயருடைய கோப்பைக் கண்டவுடன் அழித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதில்தான் நேற்று மாலை எழுதியது இருக்கக்கூடும்.

ஒரே பெரிய குறிப்புக் கோப்பை வளர்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் அருகிலேயே ஒரு சிறு உரைக்கோப்பை வைத்தால் முரண் எழும் வாய்ப்பே மிகவும் குறைந்துவிடும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில கணினிகளில் ஒத்திசைய மறுக்கின்றன. ஒரே கோப்பு இரண்டாகவும் தெரிகிறது. என்ன காரணம்?

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை.

முதலாவது நீளம். எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் "தஞ்சாவூர்" கணினிக்கு 9 குறியீடுகள், 27 பைட்டுகள். லினக்ஸின் கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 85 தமிழ்க் குறியீடுகள்தான். விண்டோஸ் பைட்டுகளை அப்படி எண்ணுவதில்லை. செய்தித் தலைப்பை அப்படியே பெயராக்கிய கோப்பு விண்டோஸில் நன்றாக உட்கார்ந்து, லினக்ஸ் மடிக்கணினிக்கோ ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கோ போகும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

இரண்டாவது எழுத்தமைப்பு. "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே எழுதிவைத்தது. நம் விசைப்பலகை மென்பொருள்கள் பொதுவாகச் சேர்த்த வடிவில் எழுதுகின்றன. பழைய மேக் ஒன்றிலிருந்து வந்த "கொள்முதல்" என்ற கோப்புறையும், நீங்கள் உருவாக்கிய "கொள்முதல்" கோப்புறையும் லினக்ஸின் கணக்கில் இரண்டு வேறு பெயர்கள். ஆகவே அருகருகே இரட்டையாக நிற்கும்.

தீர்வு எளிது. பெயரைச் சுருக்கமாக வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் எழுதி, அதன்பின் இரண்டு மூன்று சொற்கள் போதும். "2022-05-24 மேட்டூர் திறப்பு" என்று பெயரிட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். முழுத் தலைப்பும் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், சாய்கோடு ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது என்பதால் லினக்ஸில் பெயரிடுபவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பாக்கெட் செயலியில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வைத்திருந்தேன். இனி எங்கே போவது?

2007-இல் வேறு பெயரில் தொடங்கி, 2017-இல் மொசில்லாவின் கைக்கு வந்த பாக்கெட் என்ற, கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் செயலி, 2025 ஜூலை 8-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில் அதே வகைச் செயலியான ஆம்னிவோரும் மூடப்பட்டது. பாக்கெட்டிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பு உங்களிடம் இருந்தால் அதில் இருப்பவை பெரும்பாலும் முகவரிகளும் குறிச்சொற்களுமே. இன்னும் உயிரோடு உள்ள முகவரிகளைத் திறந்து, தேவையானவற்றை இப்போதே கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு படிப்போம் என்ற வகைச் செயலிதான் வேண்டுமென்றால் இன்ஸ்டாபேப்பர் இருக்கிறது. சொந்த வழங்கி (சர்வர்) வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு வாலபேக் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. இவற்றை வாசிப்பு மேசையாகக் கொள்ளுங்கள், கிடங்காகக் கொள்ளாதீர்கள்.

ஆய்வு மாணவர்களுக்குத் தனியாக ஏதேனும் உண்டா?

ஸோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த இம்மென்பொருள், பக்கத்தின் படியையும், ஆசிரியர், தலைப்பு, தேதி ஆகிய மேற்கோள் விவரங்களையும் ஒருசேர எடுத்துவைத்து, ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்க்கவும் உதவும். தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்துகொண்டு, வார இறுதியில் ஊருக்குப் போய் எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. மேற்கோள் விவரங்களை ஒத்திசைக்க அளவு வரம்பில்லை. இணைப்புக் கோப்புகளுக்கு மட்டும் 300 எம்பி இலவசம்.

ஓர் எச்சரிக்கை: ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையை அப்படியே டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ போட்டு ஒத்திசைக்க முயலாதீர்கள். அதன் உள்ளே இருப்பது ஒரு தரவுத்தளம். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொரு சேவை அதை நகலெடுத்தால் தரவுத்தளம் சிதையக்கூடும். ஸோட்டெரோ தானே தரும் ஒத்திசைவையே பயன்படுத்துங்கள்.

மூன்று கணினியிலும் ஒரே தொகுப்பு இருக்கிறதே, தனியாகக் காப்புப்படி எதற்கு?

ஒத்திசைவு காப்புப்படி ஆகாது. தலைமடையில் கலந்தது கடைமடை வரை வந்துசேர்வதுபோல, ஒரு கணினியில் நேர்ந்த அழிவும் மற்ற எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும். தவறுதலாக ஒரு கோப்புறையை நீக்கினால், அடுத்த சில நிமிடங்களில் மற்ற கணினிகளிலும் அது இருக்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் ஒரு கணினியில் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்புகளே புதிய வடிவமாக எங்கும் பரவும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் காக்கும். இழப்பை நீங்கள் உணர்வதற்கு அதற்கு மேலும் ஆகலாம்.

எனவே மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதியை நம் பகுதியில் சற்றுக் கடுமையாகவே கடைப்பிடிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்கள் ஒன்றாகவே அடிபட்டன; பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வேதாரண்யத்தில் ஒரு படியும் பட்டுக்கோட்டையில் ஒரு படியும் வைத்திருப்பவர், இரண்டு ஊரில் வைத்திருப்பதாக நினைக்கலாம். புயலின் கணக்கில் அவை ஒரே இடம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை செய்யும் மகனிடமோ மகளிடமோ ஒரு வெளிவட்டைக் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் வரும்போது வட்டும் வந்து, புதுப்படி ஏறித் திரும்பிப் போகட்டும். அந்த வட்டு மற்ற நாட்களில் எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் இருப்பதே அதன் சிறப்பு.

வீட்டில் இருக்கும் வட்டைத் தரையிலோ தாழ்ந்த அலமாரியிலோ வைக்காதீர்கள் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வேபேக் மெஷின் இருக்கும்போது நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும், இணையப் பக்கங்களின் பழைய படிகளைக் காட்டும் வேபேக் மெஷின் பெரும் உதவி. ஒரு முகவரியைக் கொடுத்து, இப்பக்கத்தை இப்போதே சேமி என்று நீங்களும் கேட்கலாம். பொதுநலன் சார்ந்த அறிவிப்புகளை அங்கே பதிந்துவிட்டு, அந்தப் பதிவின் முகவரியை உங்கள் குறிப்பில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். ஆனால் உள்நுழைந்து பார்க்கும் பக்கங்கள் அங்கே ஏறா. தளத்தார் கேட்டுக்கொண்டால் படி நீக்கப்படவும் கூடும். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாட்கள் இயங்காமல் நின்றது. உங்கள் படிக்குத் துணையாக அதைக் கொள்ளுங்கள்.

பிறர் எழுதியதை இப்படிச் சேமிப்பது சட்டப்படி சரியா? நீதிமன்றத்தில் காட்ட முடியுமா?

சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சேமித்ததை மறுபடி வெளியிடுவதும் விற்பதும் வேறு விஷயம்.

சான்றாகக் காட்டுவதற்குக் கோப்பு மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, அதில் குறிப்பிட வேண்டும். பயிர் இழப்பீடு போன்றவற்றில் வழக்கு வரை போகக்கூடும் என்று தோன்றினால், சேமித்த கோப்பைத் திருத்தாமல் அப்படியே வைத்து, முதலிலேயே வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

இருபது ஆண்டுக்கு முன் சேமித்த தமிழ்ப் பக்கங்கள் இப்போது புரியாத குறிகளாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் டிஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு குறியாக்கங்களையோ தன் சொந்த எழுத்துருவையோ பயன்படுத்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் தெரியும், தரவு கெடவில்லை. எந்தக் குறியாக்கம் என்று தெரிந்தால், இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். கோப்பை நோட்பேடில் திறந்து தலைப்பகுதியில் எழுத்துருவின் பெயரைத் தேடினால் பாதித் துப்பு கிடைத்துவிடும். மாற்றியதைப் புதிய கோப்பாகச் சேமித்து, மூலத்தையும் அதன் அருகிலேயே வையுங்கள், ஏனெனில் மாற்றிகள் சில எழுத்துகளைத் தவறவிடுவதுண்டு. கிரந்த எழுத்துகளிலும் தமிழ் எண்களிலும் அது அடிக்கடி நேர்கிறது.